ஆம் எனில் ஒன்று

ஞானாம்பிகைக்குப் பிரஷர் என்று கிளினிக்கில் பதிந்தபோது போன் நம்பர் கேட்டார்கள். அவளிடம் போன் இல்லை. கணவர் மார்க்கண்டு தன் நம்பரைக் கொடுத்தார்.

அதன்பிறகு தினமும் காலையில் மாத்திரையை நினைவூட்டிச் செய்தி வரும். இன்று குளிசை எடுத்தீர்களா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2 அனுப்பவும்.

முதலில் அவர் தோட்டத்திலிருந்து வீடு வரை வந்து கேட்டார்.

“இஞ்சாரும், குளிசை போட்டனீரே?”

“உங்களுக்கு என்னிலை அக்கறையோ, போனிலை அக்கறையோ?” என்பாள் குசினியிலிருந்து. “போட்டாச்செண்டு உங்கடை போனுக்குச் சொல்லுங்கோ.”

ஒருநாள் அவள் மறந்திருந்தாள். அவர் 2 அனுப்பினார். சற்று நேரத்தில் கிளினிக்கிலிருந்து தயாளினி என்ற தாதி போனில் அழைத்தாள். ஏன் போடவில்லை, இனி மறக்கக்கூடாது என்று ஞானாம்பிகையிடம் நெடுநேரம் கதைத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஞானாம்பிகையின் முகம் சிறுத்திருந்தது.

“கோள் சொல்லியாச்சோ? இனி உங்களோடை கதையில்லை.”

மத்தியானமே கதைத்தாள்.

அவர் பிறகு 2 அனுப்பவில்லை. செய்தி வருவது தண்ணீர் இறைக்கும் நேரம். வெங்காயப் பாத்திக்குள் நின்றபடி ஈரக் கையைச் சாறத்தில் துடைத்துவிட்டு 1 அனுப்பினார். வீடு வரை வருவதை நிறுத்தினார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஞானாம்பிகை விரதம் பிடித்தாள். பகல் முழுக்க ஒன்றுமில்லை. பொழுதுபட்டுக் கோயிலால் வந்து பாலும் பழமும். மார்க்கண்டு தோட்டத்தில் நின்று 1 அனுப்பினார்.

சூரன்போரன்று இணுவில் கந்தசுவாமி கோயில் வீதியில், சனத்துக்குள், அவள் சரிந்தாள்.

மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டொக்டர்.

“பிரஷர் குளிசை ஒழுங்காப் போட்டவவோ?”

“ஓம் ஐயா. ஒருநாளும் தவறேல்லை.”

மார்க்கண்டு போனை நீட்டினார். ஒன்றுகள் வரிசையாக இருந்தன.

மகள் தர்சிகா அழுதாள். “குளிசை போட்டும் இப்பிடியோ? என்ன குளிசையைக் குடுத்தவை?”

மாற்றுச் சேலை எடுக்க அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் குளிசைப் பை இருந்தது. சஷ்டிக்கு முதல்நாள் கிளினிக்கில் கொடுத்தது. சாமிப் படத்தடியில் இருந்ததாம். பிரிக்கப்படவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று அதில் எழுதியிருந்தது. விரதகாரிக்குச் சாப்பாடு இல்லை. அதனால் குளிசையும் இல்லை.

“அப்பா, அம்மாட்டைக் கேட்டுத்தானே அனுப்பினனீங்கள்?”

அவர் கட்டிலைப் பார்த்தார். ஞானாம்பிகையின் நெற்றியில் கோயில் திருநீறு அழியாமல் இருந்தது.

விடிய முதல் அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை முற்றத்தில் பறை தொடங்கியிருந்தது. மார்க்கண்டுவின் மடியில் போன் அதிர்ந்தது. இன்று குளிசை எடுத்தீர்களா?

அவர் எழுந்து உள்ளே போனார். அவள் கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“இஞ்சாரும்” என்றார்.

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். மிச்சத்தைக் கேட்க அவருக்கு வரவில்லை.

வெளியே வந்து 2 அனுப்பினார்.

போன் அடித்தது.

“ஐயா, தயாளினி கதைக்கிறன். அம்மா ஏன் இண்டைக்குக் குளிசை போடேல்லை?”

“நான் கேக்கேல்லை, பிள்ளை.”