வேணும்னேதான்

தேயிலை விலை விழுந்த வருஷம், குன்னூருக்குக் கீழே இருந்த அந்த ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. இலை வாட்டும் பகுதியில் வேலை பார்த்த சசிதரன் மீதி நாலு நாளும் வீட்டில்தான் கிடந்தான். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். போன வாரம் டீக்கடையில் அப்படிச் சிரித்த ஒருவனின் சட்டையைப் பிடித்துக் கிழித்தேவிட்டான். ஒன்பது வயது மகள் சரிதா பக்கத்தில் பன் தின்றுகொண்டு நின்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சசிதரனைக் கூட்டிக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டு வரிசையில் சுமலதா என்ற பிள்ளையின் தட்டிலிருந்து சாம்பார் சரிதாவின் பாவாடையில் கொட்டியிருக்கிறது. சரிதா தன் தட்டாலேயே அவள் முகத்தில் அடித்துவிட்டாள். புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

"வேணும்னேதான் ஊத்துனா," என்றாள் சரிதா, வீரம்மா டீச்சர் முன்னால், கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர்.

"ஊத்திப்போட்டுச் சிரிச்சா."

"தட்டு சுட்டுருச்சுன்னு கையை உதறுச்சுங்க அந்தப் புள்ள," என்றார் டீச்சர் சசிதரனிடம். "பயத்துல சிரிச்சிருக்கும்."

சரிதா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு சுமலதாவின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அவள் அம்மா செல்வி இருவரையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் சாத்திவிட்டாள்.

"பாத்தீங்களா, வேணும்னே சாத்தறாங்க!" சரிதா குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

சசிதரனுக்கும் காது மடல் கொதித்தது. கதவை எட்டி உதைக்கத்தான் கால் எழுந்தது. மகள் கையிலிருந்த கல் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டான். அவள் விரல்களைப் பிரித்துக் கல்லை வாங்கிக் கீழே போட்டான்.

"கொஞ்சம் பொறு கண்ணு."

உள்ளே சங்கிலிச் சத்தம். கதவு மறுபடி திறந்தது.

"நாயைக் கட்டிப்போட்டு வந்தனுங்க. புது ஆளுகன்னா பாஞ்சுரும்," என்றாள் செல்வி.

அதற்காக அவள் உபசரித்துவிடவில்லை. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசலிலேயே நிறுத்தி, வாய் ஓயும்வரை திட்டினாள். "எங்க தப்புத்தானுங்க," என்று சசிதரன் நின்று கேட்டுக்கொண்டான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த சுமலதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சரிதா கேட்டாள். "அவ ஏம்ப்பா என்னயப் பாக்கல? திமிரா?"

வழக்கமாக இதற்கெல்லாம் அவனிடம் பதில் தயாராக இருக்கும்.

"தெரியல கண்ணு. வலியோ என்னமோ. உன்னயக் கண்டு பயமோ என்னமோ."

"என்னயக் கண்டா?" சரிதா நின்றுவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். சசிதரன் பள்ளிக்கூடக் கேட் வரைக்கும் அவளோடு நடந்து போனான்.