சூரியனுக்கு அரை மணி லேட்டு

வானிலை நிலைய மென்பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது தாட்சாயிணியின் வேலை. அந்த ஜூன் மாதக் காலையில், அம்பத்தூர் அலுவலகத்தில், அவள் போட மறுத்தாள்.

"பகல் நீளம் பன்னண்டு மணி அம்பத்துநாலு நிமிஷம். கரெக்டாத்தானே காட்டுது? இன்னாம்மா பிரச்சினை?" என்றார் மேலாளர் ஹேமநாதன்.

"நீளம் சரி சார், விடியற நேரம் தப்பு. கிரீன்விச் நேரத்தோட நமக்கு அஞ்சரை மணி கூட்டணும். இது முழு மணியை மட்டும்தான் எடுத்துக்குது. அஞ்சைக் கூட்டிட்டு அரையை முழுங்கிடுது."

விடியலில் திருநின்றவூர் ஏரிக்கரையில் எடுத்த படத்தை நீட்டினாள். சூரியன் தலைகாட்டியது 5:43க்கு. மென்பொருள் சொன்னது 5:13.

"அரை மணிதானேம்மா? யார் பாக்கப் போறாங்க? போட்டுக் குடு."

தாட்சாயிணிக்குச் சுர்ரென்று ஏறியது. போன வாரம் ரயிலைத் தவறவிட்டு அரை மணி தாமதமாக வந்தவளுக்கு அரை நாள் விடுப்புப் போட்டவர் இதே ஹேமநாதன்தான்.

"உங்க சாப்ட்வேர் கணக்குப்படி சூரியன் தினம் அரை மணி லேட்டு சார். எனக்குப் போட்ட மாதிரி அதுக்கும் அரை நாள் லீவு போட்டுட்டு வாங்க. நான் கையெழுத்துப் போடறேன்."