அறுபத்தெட்டு வளைவுகள்

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் கடலோரச் சாலையில் மொத்தம் அறுபத்தெட்டு வளைவுகள் என்று என் கணவர் எண்ணிச் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவது, கலங்கரை விளக்கத்தில் இறங்கி ஒரு மணி நேரம், பாறை முனையில் மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் வீடு. அவர், மாமியார், நாத்தனார், அவள் கணவர் என்று நான்கு பேருக்கும் இடம் பிரித்தாயிற்று. பின் இருக்கையில் நடுவே சாப்பாட்டுக் கூடை. கூடையை நிரப்ப வேண்டியவள் நான். எனக்கு இடம் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு மலைப்பாதையில் மாமனாரின் புதுச் சட்டை மேல் வாந்தி எடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்தக் கதை மட்டும் சாகவில்லை. பதினான்கு வருஷமாக எல்லாரும் ஊர் சுற்ற, நான் வீட்டுக்குக் காவல். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊரே என்னிடம் வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டுதான் பயணம் போகிறது. என் கைப்பையிலும் எப்போதும் கொஞ்சம் கிடக்கும், ஆனால் எனக்கோ அதைப் போட்டால் போகவர ஒரே தூக்கம். கடலைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

"நானும் வர்றேன்" என்றேன்.

நாத்தனார் சிரித்தாள். "மூணாவது வளைவுலயே கவுந்துருவீங்க அண்ணி."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்றார் மாமியார்.

நல்லதுக்குச் சொல்கிறவர்களோடு சண்டை போடுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. கோபப்பட்டால் நாம்தான் கெட்டவர்கள். இத்தனை வருஷம் அந்த வார்த்தையை விழுங்கி விழுங்கியே வந்திருக்கிறேன். அது மட்டும் ஒரு நாளும் வாந்தியாக வெளியே வந்ததில்லை.

கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தேன். மூன்று மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொண்டது. கடையில் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தேன். "உனக்கு மொத்தம் எத்தனை பல்லும்மா?" என்று முதலாளி ஒரு நாள் கேட்டே விட்டார். ஓட்டுகிறவளுக்கு வயிற்றைப் புரட்டாது என்பதை அந்தப் பாடத்தில்தான் கண்டுகொண்டேன். குன்றுச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தவர் கற்றுக்கொடுத்த வாத்தியார்தான்.

கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா, நல்லதுக்குத்தான்னு ஆரம்பிச்சிருப்பீங்க."

"சரி, ஊருக்குள்ள ஓட்டிப் பழகு. அந்த ரோட்டுல எனக்கே பயம்."

"பயமா இருந்தா பின்னாடி உக்காருங்க. அறுபத்தெட்டையும் நான் ஓட்டுறேன். முடியாதுன்னா சாப்பாட்டை நீங்களே கட்டிக்குங்க."

மாமியார்தான் பேசினார், என்னைப் பார்க்காமல்.

"எனக்கும் பொரட்டும். உன் பையிலேருந்துதான் மாத்திரை எடுத்துப் போட்டுக்குவேன். சொன்னா என்னையும் விட்டுட்டுப் போயிருவாங்கல்ல. மூணு தடவை போயிட்டு வந்துட்டேன், அந்தக் கலங்கரை விளக்கம் என்ன கலருன்னு எனக்குத் தெரியாது."

"அம்மா" என்றார் கணவர்.

"நீ சும்மா இரு."

மாமியார் எழுந்து போய் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து வந்தார். என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை.

"காலைல தர்றேன். இங்க கெடந்தா இவன் ராத்திரியோட ராத்திரியா ஒளிச்சு வெச்சிருவான்."

சாவியை உள்ளங்கையில் வைத்து மூடி, விரல் முட்டிகள் வெளுக்க இறுக்கிக்கொண்டு, தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டார்.