எட்டாவது விலக்கு

நான் எழுதியதில் மிக அதிகம் பேர் படித்த வரி ஒன்று உண்டு. படித்த ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை. 'குழந்தையின்மை தொடர்பான எந்தப் பரிசோதனைக்கும், எந்தச் சிகிச்சைக்கும் இத்திட்டத்தில் இடமில்லை.' ஆங்கிலத்தில் நான் எழுதினேன், பிரெஞ்சில் அலுவலகத்தில் ஒருவர் பெயர்த்தார். இரண்டிலும் அது கச்சிதமாக இருந்ததாக அப்போது எனக்குப் பெருமை.

என் பெயர் சாம்பசிவம். திருச்சியில் ஒன்பது வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, 1985இல் கடல் கடந்து, ஒரு தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரிவின் அதிகாரியாக வந்தேன். தீவு முழுக்க அப்போது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தது. கரும்புக் காட்டுக்கு நடுவே தகரக்கூரை ஆலைகள் முளைத்தன. தொழிலாளர்களுக்கு மருத்துவத் திட்டம் கேட்டு ஆலை முதலாளிகள் எங்களிடம் வந்தார்கள். திட்டத்தில் எவையெல்லாம் சேராது என்ற விலக்குப் பட்டியலைப் போடும் வேலை எனக்கு. ஏழாவதாக அழகுக்காகச் செய்யும் அறுவை, ஒன்பதாவதாக மூக்குக்கண்ணாடி. நடுவில் எட்டாவதாகக் குழந்தையின்மையைச் செருகினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. எனக்கே அப்போது திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அந்த வரியை எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு தொழில் பக்தி.

1988 பிப்ரவரியில் ஒரு பெண் நேராக என் மேஜைக்கு வந்தாள். இவெட் என்று பெயர். ட்ரியோலே பக்கத்து ஆலையில் பின்னல் இயந்திரம் ஓட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். கருக்குழாயில் அடைப்பு, அறுவை செய்தால் திறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்தாள். அவள் பேசியது தீவின் பேச்சுமொழியான க்ரியோலில். எனக்கு அது பாதி புரியும், மீதியை என் உதவியாளர் யொலாந்த் சொல்லுவாள்.

"மூணு வருஷமா என் சம்பளத்துல இந்தத் திட்டத்துக்குப் பிடிக்கறீங்க மிஸ்யே. முதுகு வலிக்குக் குடுத்தீங்க, பல் புடுங்கக் குடுத்தீங்க. இதுக்கு ஏன் கிடையாது?"

"முதுகு வலி நோய். குழந்தை இல்லாதது நோய் இல்லை மதாம், அது ஒரு நிலைமை," என்றேன். இந்தப் பதிலை நான் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றிருந்தேன்.

"அடைச்சிருக்கறது என் குழாய். அது நோய் இல்லையா?"

"குழாய் அடைத்திருப்பதால் உங்கள் உடம்புக்கு வேறு தொந்தரவு இருக்கிறதா?"

அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இன்னும் இல்லை," என்றேன், ரயில் தாமதமாக வருகிறது என்பதுபோல.

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை சேன் பியேரில் எங்கள் வீட்டில் இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டபடி, அந்தப் பெண்ணை எவ்வளவு நயமாகச் சமாளித்தேன் என்று மனைவி கமலாட்சியிடம் விவரித்தேன். அவள் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறாள், தவறுகளைப் பொறுமையாகக் கேட்டுப் பழக்கம். முழுவதையும் கேட்டாள்.

"நம்ம டாக்டரம்மா உங்களையும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கச் சொல்றாங்க. மறுபடியும் கேட்டாங்க," என்றாள்.

ஆறு வருடத்தில் கமலாட்சிக்கு எடுக்காத சோதனை இல்லை. கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று எனக்கு ஒரு கூட்டம், அவள் பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். வலியோடு வந்து படுத்தவளிடம், "ரசம் வைக்கட்டுமா?" என்று நான் கேட்டேன். அதை என் தியாகங்களில் ஒன்றாக வெகுநாள் எண்ணியிருந்தேன். என்னைச் சோதிக்கலாம் என்ற யோசனை வந்தபோதெல்லாம் எனக்கு வேலை வந்துவிடும். ஒருமுறை தணிக்கை, ஒருமுறை புயல் எச்சரிக்கை. ஒருமுறை காவடி விரதத்தைச் சொல்லித் தப்பித்தேன். விரதம் இருந்தது அவள்.

அந்த ஜூலையில் சாக்குகள் தீர்ந்துபோயின.

விந்துச் சாம்பிளை வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் போர்ட் லூயிஸில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். கமலாட்சி பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். பனியனுக்குள் விட்டு இடது அக்குளில் இடுக்கிக்கொண்டேன். "ஆட்டாம ஓட்டுங்க," என்றாள். கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிறவன்போல நடந்து காரில் ஏறினேன்.

கரும்பு வெட்டும் காலம். புறப்பட்ட இரண்டாவது நிமிடம் ஒரு கரும்பு லாரி முன்னால் வந்து சேர்ந்தது. முந்த வழியில்லை. கியரைத் தொடும்போதெல்லாம் முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், நான்காவது கியருக்குப் போவதை விட்டுவிட்டேன். மோக்காவில் சாலையோரம் ஒரு பெஷோ காரின் முன்மூடி திறந்திருந்தது. பக்கத்தில் நின்று கையாட்டியவர் எங்கள் இயக்குநர் க்ளோட்.

நிறுத்தாமல் போக எனக்குத் தைரியமில்லை.

"நல்ல வேளை, சாம்பா!" என்று ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், "கை என்ன ஆச்சு?" என்றார்.

"தோள்பட்டை பிடித்துக்கொண்டது, சார்."

"டாக்டரிடம் காட்டு. தோள்பட்டை நம் திட்டத்தில் உண்டு," என்று என் தொடையில் தட்டினார். பாட்டில் ஓர் அங்குலம் நழுவியது. அதன் பிறகு அவர் போர்ட் லூயிஸ் வரை ஆலைத் திட்டங்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம் சார்" என்று மட்டும் சொன்னேன். அவரை அலுவலகத்தில் இறக்கிவிட்டு ஆய்வுக்கூடத்தை அடைந்தபோது ஐம்பத்திரண்டு நிமிடம். வரவேற்பில் இருந்த பெண் பாட்டிலை வாங்கி, நான்கு பேர் காதில் விழும்படி என் பெயரையும் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்று நாளில் முடிவு வந்தது. எண்ணிக்கை, வேகம், வடிவம் மூன்றிலும் தேறவில்லை. பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். ஏதோ தவறான தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று திரும்பிப் போய்க் கேட்டேன். இல்லை என்றார்கள்.

கமலாட்சி தாளை இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்.

"ஆறு வருஷமா சஷ்டி விரதம் நான் இருந்தேன்," என்றாள். "இனிமே நீங்க இருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. அது துக்கமா, இத்தனை வருடம் தன்மேல் சுமந்த பழி இறங்கிய ஆறுதலா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. வெளியே நின்று, ரசம் வைக்கலாமா என்று யோசித்தேன். நல்ல வேளையாகக் கேட்கவில்லை.

ஆய்வுக்கூட ரசீதை அலுவலகத் திட்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஊழியர்களுக்கும் அதே பட்டியல்தான். யாராவது கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. யொலாந்த் எதையும் விடுகிறவள் அல்ல. மறுநாள் கையெழுத்துக் கோப்பில் ஒரு கடிதம் இருந்தது. 'அன்புள்ள திரு. சாம்பசிவம், எட்டாவது விலக்கின்படி தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பெயர்.

"யொலாந்த், இது..."

அவள் முகம் சிவந்திருந்தது. "வேற யார் கையெழுத்துப் போடலாம்னு தெரியலை மிஸ்யே. பிரிவுக்கு அதிகாரி நீங்கதானே."

போட்டேன். எனக்கு நானே வருத்தம் தெரிவித்துக்கொண்டு, நகலைக் கோப்பில் வைக்கச் சொன்னேன்.

அறுவை மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு, விதைப்பையின் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன, சின்ன அறுவையில் சரிசெய்யலாம், எண்ணிக்கை ஏறினாலும் ஏறும் என்றார். "இன்ஷூரன்ஸுக்குக் கவலைப்படாதீர்கள். ரத்தக்குழாய் வீக்கம் என்று எழுதுகிறேன். ஆண்களுக்கு இது சுலபம்."

அப்படியே ஆயிற்று. வீக்கம் நோய்தானே. மனு ஒரே நாளில் தேறியது. நான் உற்சாகமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

கமலாட்சி மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "அந்த இவெட்டோட குழாய்க்கு மட்டும் வேற பேரு கிடைக்கலையா?"

அறுவை முடிந்து பத்து நாள் நான் வீட்டில் காலை அகட்டி நடந்த காலத்தில், அந்தக் கேள்வியும் என்கூடவே நடந்தது. ஒரே கோளாறு. எனக்கு வீக்கம் என்று பணம் வந்தது. அவளுக்கு நிலைமை என்று கடிதம் போனது. இரண்டையும் செய்தவன் நான்.

டிசம்பரில் ட்ரியோலே ஆலையின் திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டம். எங்கள் பக்கம் க்ளோட்டும் நானும். எதிரே ஆலை மேலாளர். அவருக்குப் பக்கத்தில் தொழிலாளர் பிரதிநிதியாக இவெட் உட்கார்ந்திருந்தாள். என் மேஜையிலிருந்து திரும்பிப் போன கோபத்தில்தான் தேர்தலில் நின்றாளாம். ஆக, அந்த ஆலையின் தொழிலாளர் இயக்கத்துக்கும் என்னால் ஆன தொண்டு உண்டு.

எட்டாவது விலக்கை எடுத்துவிட வேண்டும் என்று அவள் ஆரம்பித்தாள். க்ளோட் என் பக்கம் திரும்பி, "எங்கள் அதிகாரி விளக்குவார்," என்றார்.

"எடுத்துவிடலாம் என்பது என் கருத்து," என்றேன்.

க்ளோட் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எடுத்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், சாம்பா. கட்டுபடியாகாது. அதோடு, இது நோயே இல்லை என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவனே நீதானே?"

நான் கொண்டுபோயிருந்த புள்ளிவிவரத் தாள்களைப் புரட்டினேன். ஒரு வரியும் கண்ணில் படவில்லை.

"எனக்கு இருக்கிறது, சார்," என்றேன். "போன ஆகஸ்டில் என் ரத்தக்குழாய் வீக்கத்துக்கு நம் திட்டம் பணம் தந்ததே, அதுதான். எனக்குக் குழந்தை உண்டாவதில்லை. பெயரை மாற்றி எழுதியதால் எனக்குப் பணம் கிடைத்தது."

க்ளோட் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அன்று காலை காரில்... தோள்பட்டை?"

"தோள்பட்டை இல்லை, சார்."

அவருக்கு விஷயம் புரிய ஐந்து விநாடி ஆனது. நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆலை மேலாளர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். இவெட் சிரிக்கவில்லை.

"அப்போ இப்ப இது நோய் ஆயிடுச்சா, மிஸ்யே?"

"அப்போதும் நோய்தான், மதாம். எனக்குத்தான் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "எழுதிக் குடுங்க," என்றாள்.

பேச்சு இரண்டு மணி நேரம் இழுத்தது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பரிசோதனைகள் உண்டு, அடைப்பு, கட்டி, வீக்கம் என எந்தக் காரணத்துக்கான அறுவையும் உண்டு என்று க்ளோட் இறங்கி வந்தார். அதற்கு மேல் கிடையாது. இவெட் இன்னொன்றும் கேட்டாள். சாயப் பிரிவில் தெனி என்று இருபத்தாறு வயதுக்காரன், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிரான்ஸ் போகப்போகிறான். சிகிச்சைக்குப் பின் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை, அதனால் முன்கூட்டியே விந்தை எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைக்கலாம் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். அது சேருமா?

"நாங்கள் நடந்ததற்குப் பணம் தருகிறவர்கள். நடக்கப்போவதற்கு அல்ல," என்றார் க்ளோட். நான் வாதாடினேன். சிகிச்சை கெடுப்பதையும் சிகிச்சையின் செலவாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நியாயமாகத்தான் பேசினேன், ஆனால் அன்று அறையில் என் மதிப்பு பாட்டிலோடு போய்விட்டது. தெனி பாதுகாத்து வைக்காமலே போனான். பிழைத்து வந்தான். பிறகு அவனை வழியில் பார்க்கும்போதெல்லாம் நான்தான் முதலில் தலை குனிந்தேன்.

இவெட்டுக்கு அடுத்த மார்ச்சில் அறுவை நடந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை. சேதி யொலாந்த் மூலமாகத்தான் எனக்கு வந்தது.

எங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, போதவில்லை. ஒருமுறை பம்பாய் வரை போய்ச் சோதனைக்குழாய் முறையிலும் முயன்றோம், அது எந்தத் திட்டத்திலும் சேராத முயற்சி. திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாட்சி, "போதுங்க, நிறுத்திக்கலாம்," என்றாள். நிறுத்திக்கொண்டோம். யார் குறை என்று கோவிலில் பெண்கள் கேட்டால் அவள் என்னைக் கைகாட்டுவாள். நானும் வணக்கம் சொல்வேன்.

கூட்டத்தில் நான் சொன்னது ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மற்ற ஆலைகளும் அந்தத் திருத்தத்தைக் கேட்டு வாங்கின. அதைவிட, அலுவலக நேரத்தில் அறிமுகமில்லாத ஆண்கள் என் மேஜையைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஒருவராவது தனக்கென்று கேட்டதில்லை. போன வாரம் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சமையல்காரர் தனராஜ் வந்தார். நாற்காலி நுனியில் தொப்பியோடு உட்கார்ந்து, மச்சானுக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து, கல்யாணமாகி ஐந்து வருடம் என்றார், டாக்டர் ஏதோ பாட்டில் கொடுத்திருக்கிறாராம் என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான் வீடு எங்கே?" என்றேன்.

"லாங் மவுண்டன்."

"தூரம். கரும்பு லாரி வராத நேரமாகப் பார்த்துக் கிளம்பச் சொல்லுங்கள். வழியில் யாரையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம்."

அவர் தொப்பிக்குள்ளிருந்து பேனாவை எடுத்து அதைக் கவனமாக எழுதிக்கொண்டார். நான் மனுத் தாளை அவர் பக்கம் தள்ளி, பெயர் எழுதும் இடத்தைக் காட்டிவிட்டு, அவர் யார் பெயரை எழுதுகிறார் என்று பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.