மூன்றாவது பனியன்

1

இந்தக் கதை ஒரு பள்ளிக் கண்காட்சியில் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. துணி இல்லாத பனியன். கழுத்து, கை, விலா, அடிமடிப்பு எல்லாம் வெறும் தையலாக நின்றன. மின்விசிறி சுழன்றபோது மூச்சு விடுவதுபோல் உப்பியது. (இல்லை. நூல் உப்பாது. அசைந்தது.)

இது எப்படி நடக்கிறது என்று சொல்லாமல் என்னால் கதைக்குள் போக முடியாது. பருத்தி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. தைத்த நூல் பாலியஸ்டர். அதை அவை தொடுவதில்லை. ஆகவே, புதைத்த பனியன் முழுசாகத் திரும்பி வந்தால் மண் செத்துக் கிடக்கிறது. தையல் மட்டும் வந்தால் மண் உயிரோடிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "முதலிபாளையத்தின் மேல் வானம்" வேண்டாம்.

அடுத்தது: "சண்முகப்பிரியாவின் அப்பா ஒரு நாள்" இதையும் விட்டேன்.

நேராகவே சொல்கிறேன். சண்முகப்பிரியா பிளஸ் டூவில் வேளாண் பிரிவு. பள்ளிக்குப் பின்னாலுள்ள நிலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டு உண்டு. விதைப்பதும் பறிப்பதும் அவர்கள் பாடு. ஆசிரியர் சாமியப்பன் வாரந்தோறும் மேற்பார்வை பார்ப்பார். அம்மா நாகஜோதி தெற்கேயிருந்து வந்தவள், பனியன் கம்பெனியில் டெய்லர். பாத்திரங்கள் கூடினால் கதை குழம்பும் என்பதால் அப்பா மூக்கையாவை ஒரே வரியில் அனுப்பிவிட்டேன்: கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை.

மகள் அவருடைய எண்ணுக்கு இன்னும் போன் போடுகிறாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள்.

3

அவள் துண்டில் வெண்டை. வேலியோரம் முன்பு சாயத் தண்ணீர் ஓடிய பள்ளம். அங்கே செடிகள் மஞ்சளித்துக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒரு திட்டு, ஆள் படுக்கும் நீளத்துக்கு, கருகருவென்று வளர்ந்திருந்தது. (முதலில் "கட்டில் அளவுக்கு" என்றுதான் எழுதினேன். எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை.)

வித்தியாசம் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் திட்டம். வேலியோரம் ஒன்று, திட்டில் ஒன்று என இரண்டு புதுப் பனியன்களை மேலாகப் புதைத்தாள்.

"திருப்பூர்ல பனியனை எக்ஸ்போர்ட் பண்ணாம மண்ணுக்கு அனுப்பற மொத ஆளு நீதான் கண்ணு" என்றார் சாமியப்பன்.

"மண்ணு ரிஜெக்ட் பண்ணாதுங்க சார்."

4

இரண்டு மாதம் கழித்து, தோண்டுகிற அன்று காலை நாகஜோதியையும் வரவழைத்தேன். பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. (விதியை எழுதியதும் நான்தான்.)

வேலியோரப் பனியன் கறையோடு முழுசாக வந்தது.

"தொவைச்சா போட்டுக்கிடலாம் போலிருக்கே" என்றாள் நாகஜோதி. "நாங்க பீஸ் ரேட்டுக்குத் தைக்கோம், இவ குழி தோண்டி மூடுதா."

திட்டில் சண்முகப்பிரியா கையால் மண்ணை விலக்கினாள். தையல் மட்டும் வந்தது.

"பாருங்கம்மா, பாக்கியெல்லாம் தின்னுருச்சு. உங்க புள்ளையோட மண்ணு நல்ல பசியில இருக்குதுங்க" என்று சாமியப்பன் மகிழ்ந்தார்.

கதை இங்கே முடிகிறது. முடித்துப் பேனாவையும் மூடினேன். மறுநாள் பார்த்தால் கீழே ஒரு வரி:

"சார், இன்னொன்னு இருக்குதுங்க."

நான் அவளுக்குக் கொடுத்தது இரண்டு பனியன்.

இந்தப் பக்கம் எங்கே மண்ணைக் கிளறினாலும் பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழித்த துணி, கட்டிங் வேஸ்ட், வரும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேஸ்ட் துண்டுதுண்டாக வரும். இது அவள் புதைத்ததற்கும் ஒரு சாண் கீழே, தையல் முழு உருவமாக, இரு கைகளையும் விரித்துக் கிடந்தது. அக்குளில் நீல நூலால் ஒட்டுத்தையல் போட்ட தடம்.

நாகஜோதி குனிந்து அந்த நீலத்தை மட்டும் தடவினாள்.

"இது மிஷின்ல போட்டதில்ல சார். என் கை."

"நீல நூலு எல்லா ஊட்லயும் இருக்குதுங்கம்மா."

"நூலு இருக்கும் சார். நான் இடதுகைக்காரி. முடிச்சு இந்தப் பக்கமாத்தான் விழும்."

நாகஜோதி விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு அவள் மகளிடம் சொன்னாள்: "மண்ண மூடு பிள்ள. உங்கப்பா கேரளாவுல இருக்காரு."

"இருந்தா ஏம்மா மூடச் சொல்ற?"

5

முடிவு ஒன்று: கேரளாவுக்குப் புறப்படும்போது மூக்கையா பழைய பனியனைக் குப்பையில் போட்டார், குப்பை வண்டி அதை இங்கே கொட்டியது. எழுதி, வாசித்துப் பார்த்தேன். குப்பையில் விழுந்த பனியன் கையை விரித்துக்கொண்டு படுப்பதில்லை.

முடிவு இரண்டு: "நாகஜோதிக்கு எல்லாம் தெரியும், அவள் அன்று இரவு" என்று தொடங்கி, பாதியிலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன். அவள் முகம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கணவனைத் தேடி அலைந்து ஓய்ந்தவளின் முகமும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன், கடைசியாக. ஏர் போகாத ஆழத்தில் மண் இறுகிக் கிடக்கும். கடப்பாரையை ஊன்றினால் ணங்கென்று சத்தம் வந்து நின்றுவிடும். யாராவது ஆழமாகத் தோண்டி மூடிய இடமென்றால், வருடங்கள் போனாலும் இளக்கம் போகாது. சத்தமில்லாமல் இறங்கும். ஒரே ஊன்றல் போதும்.

இது சாமியப்பனுக்கும் தெரியும். கடப்பாரையை எடுத்து வந்தவர், அதைப் பிடித்தபடியே நிற்கிறார். "போலீஸுக்குச் சொல்லிப்போடலாமுங்களா" என்று யாரையும் பார்க்காமல் கேட்கிறார். நாகஜோதி மகளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். மகள் குழியையே பார்க்கிறாள்.

மூக்கையாவை ஒரே வரியில் அனுப்பியவன் நான். என் கை இதில் படக்கூடாது. கடப்பாரையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ணங்கென்றால் அவர் எங்கோ உயிரோடு இருக்கலாம். அவள் நாளைக் காலையும் போன் போடுவாள்.

ஓங்க வேண்டாம். அதன் எடையே போதும். பனியன் கிடந்த இடத்துக்கு நேராக.

ஊன்றிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். காது கொடுத்துக் காத்திருக்கிறேன்.

இன்னும் சத்தம் கேட்கவில்லை.