எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

மனிதகுலம் இதுவரை எழுதிய, இனிமேல் எழுதப்போகிற எந்த எழுத்தும் தன் லேப்டாப்பின் இங்கிலீஷ் கீபோர்டுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று அச்யுத் அறிவித்தான். அறிவித்த இடம், ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கேட்டவர்கள், அவன் சித்தி பெண் மதுவந்தியும், தோசை வார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா கோமளமும். அம்மா கேட்டாளா என்பது சந்தேகம்.

மதுவந்திக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் அவள் பாடப் போகிறாள். கேட்க வருகிறவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். அவருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய பல்கலைக்கழகத்தில் சங்கீத ஆராய்ச்சிக்கு இடம். பாட்டின் சாகித்யம் முழுவதும் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகி அவர் கையில் இருக்க வேண்டும். நெடிலுக்கு மேலே கோடு, ண-வுக்கும் ள-வுக்கும் கீழே புள்ளி. போன வருஷம் கோடும் புள்ளியும் இல்லாமல் தாள் கொடுத்த பையனின் பாட்டை அவர் பாதியிலேயே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

"நான் எப்பவும் பண்ற மாதிரி வெறுமனே டைப் அடிச்சு, பேனாவால கோடும் புள்ளியும் போட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்டா அச்சு" என்றாள் மதுவந்தி.

அச்யுத் தோசையைக் கீழே வைத்தான். "கம்ப்யூட்டர்ல அடிச்சுட்டு அதுக்குப் பேனாவால பொட்டு வெப்பியா? நீ என்ன எழுத்துக்கெல்லாம் அலங்காரம் பண்ற குருக்களா? ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வெச்சு, கற்பூரம் காட்டி, சுண்டலும் குடுத்துடேன்."

"சரி, நீயே பண்ணு. ஆனா சொதப்பினே, ஜென்மத்துக்கும் உன்னோட பேச மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தட்டில் இருந்த தோசை அப்படியே இருந்தது. சாப்பிடுகிற நிலையில் அவள் இல்லை.

அச்யுத் சாதாரண வழியில் போகிறவன் இல்லை. தானே ஒரு ஃபான்ட் செய்தான். கீபோர்டில் யாரும் சீண்டாத சாவிகளையெல்லாம் பிடித்து, இது கோடு, இது புள்ளி என்று உத்தியோகம் போட்டுக் கொடுத்தான். மதுவந்தி கோடும் புள்ளியுமாகக் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சாகித்யத்தைப் பார்த்து அடித்து முடித்தபோது, திரையில் பாட்டு கல்வெட்டு போல நின்றது. ஞாயிறு மத்தியானம் ஃபைலைத் திருவல்லிக்கேணியில் வலியுல்லாவின் அச்சுக்கடைக்கு அனுப்பினான். ஞாயிறன்று திறந்திருக்கும் கடை அவன் அறிந்து அது ஒன்றுதான். வேலை முடிந்த நிம்மதியில், லேப்டாப் பல மாதங்களாகக் கெஞ்சிக்கொண்டிருந்த அப்டேட்டுக்கும் பெரிய மனது பண்ணிச் சம்மதம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கடையில் வலியுல்லா திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"இன்னா நைனா, குறுக்கெழுத்துப் போட்டியா? எல்லாம் கட்டம் கட்டமா கீது."

கோடு போட்ட எழுத்து, புள்ளி வைத்த எழுத்து எல்லாம் காலிக் கட்டங்களாக நின்றன. மிச்சமிருந்த எழுத்துகள் வெள்ளத்தில் மாட்டியவர்கள் மாதிரி அங்கங்கே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஃபான்ட் வீட்டில், லேப்டாப்பில் இருக்கிறது. அதையும் ஃபைலோடு அனுப்ப வேண்டும் என்பது எழுத்துலகின் சக்கரவர்த்திக்குத் தோன்றவில்லை.

அப்டேட் முடிந்ததா என்று பார்க்கச் சொல்லி அம்மாவுக்குப் போன் போட்டான்.

"இருபத்தேழு சதவீதம்னு போட்டிருக்குடா. சுத்திண்டே இருக்கு."

"தொடாதேம்மா. ஆஃப் பண்ணிடாதே."

"நான் ஏன் தொடறேன்? அது பக்கத்துலகூடப் போக மாட்டேன்."

போனை வைத்துவிட்டு வலியுல்லாவிடம் திரும்பினான். "பாய், நானே இங்க திரும்ப அடிச்சுடறேன்."

"அடி நைனா. ஆனா இந்த மிஷின்ல கீறது பழைய பேஜ்மேக்கர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, அதுக்குத்தான் லாயக்கு. நீ கேக்கற புள்ளியெல்லாம் அதுக்குத் தெரியாது."

அச்யுத் நம்பவில்லை. ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு எண்களைத் தட்டினான். தலையில் கூரை வைத்த எழுத்து வந்தது. இரட்டைக் கண் வைத்த எழுத்து வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஒன்று வந்தது. பிரான்சும் ஜெர்மனியும் ஸ்பெயினும் வரிசையில் நின்று சலாம் போட்டன. ண-வுக்கு ஒரு புள்ளி மட்டும் வரவில்லை. போனில் எழுத்தை விரலால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தான். அங்கும் தலையில் வைக்கத்தான் ஆள் இருந்தது, காலடியில் வைக்க ஆள் இல்லை. எங்கெங்கோ தேடி ஒரு எழுத்தைப் பிடித்து, கடைக்கு அனுப்பி, பேஜ்மேக்கரில் ஒட்டினான். கேள்விக்குறி விழுந்தது. மறுபடி ஒட்டினான். மறுபடி அதே கேள்விக்குறி, அவனையே கேட்பதுபோல.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மதுவந்தி கூப்பிட்டாள். எடுக்காமல் விட்டான். மறுபடி கூப்பிட்டாள்.

"அச்சு, நான் ஆத்துலேர்ந்து கிளம்பிண்டிருக்கேன். அவர் இப்பவே வந்துட்டாராம்டா. எனக்குக் கையெல்லாம் ஜில்லுனு இருக்கு. தாள் ஆச்சா?"

"ஓடிண்டிருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீ போய்த் தம்புராவுக்குச் சுருதி சேர்." குரல் தன்னுடையது போலவே அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் அனுப்பிய படத்தையே அச்சடித்துவிடலாமா என்று பார்த்தான். படம் சாய்ந்திருந்தது, முதல் வரியின் மேல் அவளுடைய கட்டைவிரல் கிடந்தது. அதற்கடியில் இருந்த இரண்டு சொற்களை அவன் எப்போதோ கேட்ட நினைவில்தான் அடித்திருந்தான். அம்மாவைக் கூப்பிட்டான்.

"இருபத்தெட்டு ஆயிடுத்துடா!" அம்மா குரலில் பெருமை இருந்தது.

அச்யுத் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மேடையில் அவள் கண்ணை மூடித் தொடங்குவதும், அந்த மனிதர் தாளைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்துவதும், அவள் கண்ணைத் திறப்பதும் தெரிந்தன. ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்றாளே, அதுகூடப் பரவாயில்லை. ஒருவேளை அவள் பேசுவாள். பரவாயில்லைடா அச்சு என்பாள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

வலியுல்லா எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, அழுவுறியா?"

"இல்ல பாய். கண்ல தூசி."

"ஏசில இன்னா தூசி? சரி, சீக்கிரம் சொல்லு. தொழுகைக்குப் போவணும், கடைய சாத்திடுவேன்."

அச்யுத் எழுந்தான். கட்டங்களையெல்லாம் அழித்து, கோடும் புள்ளியும் இல்லாத வெறும் இங்கிலீஷ் எழுத்தாக அடித்து நிரப்பினான். இடைவெளி கொஞ்சம் அகலமாக விடச் சொன்னான். ஒரே ஒரு தாள் எடுக்கச் சொன்னான்.

"ஒண்ணு போதுமா?"

"இப்போதைக்கு." அச்யுத் கதவைப் பார்த்தான். தெரிந்தவர் யாரும் இல்லை. "பாய், மெலிசா எழுதற பேனா ஒண்ணு குடுங்களேன்."

வலியுல்லா பேனாவைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் மிஷினைச் சூடேற்றப் போனார். அச்யுத் தாளைக் கண்ணாடி மேசைமேல் நேராக வைத்தான். பக்கத்தில் போன், அதில் மதுவந்தியின் கையெழுத்து, கட்டைவிரலுக்கு இந்தப் பக்கம் தெரிகிற வரையில். மறைந்த இரண்டு சொற்களுக்காக அவளைக் கூப்பிட்டான்.

"மதூ, முதல் வரி ஒரு தடவை பாடு."

"எதுக்குடா?"

"சும்மா. கேக்கணும் போல இருக்கு."

ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே அவள் மெல்லப் பாடினாள். நீண்ட இடத்தில் அவன் ஒரு கோடு இழுத்தான். நாக்கு மடிந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு, எழுத்தின் அடியில் ஒரு பொட்டு வைத்தான்.