கழுவாத ரோல்

பழைய ஃபிரிட்ஜை எடுத்துப்போக ஆள் வருவதாக இருந்ததால், ஜூலியா காலையிலேயே உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். முட்டைத் தட்டின் ஓரத்தில், சில்வர் தாள் சுற்றிய ஒரு கலர் ஃபிலிம் ரோல் கிடந்தது. ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதெல்லாம் அதையும் துடைத்து அங்கேயே வைத்து வந்திருக்கிறாள். கணவன் மார்ட்டின் ஒரு காலத்தில் உளுந்தூர்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய தொழில் சாமான் என்று விட்டிருந்தாள்.

“இத குப்பையில போட்டுடட்டுங்களா?”

மார்ட்டின் வந்து ரோலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“வேணாம் ஜூலி. அதுல நம்ம பாப்பா இருக்குது.”

ஜூலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதினாறு வருடத்துக்கு முன் அவள் வெள்ளிமலையில் டீச்சர். எட்டாம் மாதத்தில், மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸிலேயே வலிப்பு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். நினைவு திரும்பாத அவளை அண்ணனோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை கள்ளக்குறிச்சியிலேயே கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள் இருந்தது. மார்ட்டினே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் என்று பெயர் வைத்தான். ஐந்தாம் நாள் ஜூலியா கண் விழித்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். முதல் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

“பிளாஷ் அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க” என்றான் மார்ட்டின். “சர்ச் கல்யாணத்துக்குன்னு ஆயிரத்து அறுநூறு ஸ்பீடு ரோல் ஒண்ணு வச்சிருந்தேன். கம்மி வெளிச்சத்துலயும் எடுக்கும். அஞ்சு படம் எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் கழுவல?”

“கழுவினா பாக்கணுமில்ல.”

ரோலைக் கூரியரில் அனுப்ப ஜூலியா ஒப்பவில்லை. மறுநாள் இருவரும் சென்னை பஸ் ஏறினார்கள். இன்னமும் ஃபிலிம் கழுவித் தரும் லேபில் தேவிப்ரியா என்ற பெண் ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த ஃபிலிம் தயாரிக்கறத நிறுத்தி ரொம்ப வருஷமாச்சுங்க. ஸ்பீடு ஜாஸ்தியான ஃபிலிம், சும்மா வச்சிருந்தாலே கெட்டுப்போகும். ஒண்ணுமே வராமலும் போகலாம். பரவாயில்லையா?”

“கழுவுங்க” என்றாள் ஜூலியா.

மூன்று மணி நேரம் கழித்து தேவிப்ரியா பிரிண்ட்டுகளோடு வந்தாள். மூன்று படம் வெறும் சாம்பல். நாலாவதில் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பு மட்டும். ஐந்தாவதில், மணலை வாரி இறைத்தது போன்ற புள்ளிகளுக்கு நடுவே, தலையை ஒருபக்கம் சாய்த்தபடி குழந்தை. மூக்கில் குழாய். மூடிய கை.

“எடுத்த மாசமே கழுவியிருந்தா?” என்று ஜூலியா கேட்டாள்.

தேவிப்ரியா மார்ட்டினை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “தெளிவா வந்திருக்குங்க.”

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரை ஜூலியா படத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஒரு மாதத்தில் கிடைத்திருக்க வேண்டிய முகத்தைப் பதினாறு வருடம் இந்த மனிதன் முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அவனும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். திண்டிவனம் தாண்டியதும் அவள் படத்தை மறுபடி எடுத்தாள்.

“இவ்ளோ முடி இருந்துச்சா?”

“இருந்துச்சு. நெத்தி வரைக்கும்.”

“சொல்லவே இல்லியே நீங்க.”

“நீ கேக்கவே இல்ல.”

அதுவும் உண்மைதான். கேட்டால் இவன் தாங்கமாட்டான் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

“இப்ப கேக்கறேன். சொல்லுங்க.”

ஒரு கிலோ இருநூறு எடை என்று ஆரம்பித்தான். இரண்டாம் நாள் காலை விக்கல் வந்து நின்றது, சுண்டுவிரலை நீட்டினால் பிடித்துக்கொண்டது, நர்ஸ் திட்டத் திட்ட இவன் வாசலிலேயே நின்றது. அவள் இடையிடையே கேட்டுக்கொண்டே வந்தாள். கோபம் போய்விடவில்லை, கேட்கவும் வேண்டியிருந்தது.

உளுந்தூர்பேட்டையில் இறங்கியபோதும் அவன் சொல்லி முடிக்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டிய கள்ளக்குறிச்சி பஸ் ஒன்று கூட்டத்தோடு வந்து நின்றது.

“இதுல உக்கார இடமில்ல” என்றாள் ஜூலியா. “அடுத்ததுல போலாம். நீங்க சொல்லுங்க.”